பட்டாளத்துக்கு ரெண்டு வாசல்

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்கு ஆள் போகாத தெரு இருக்காது. கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர். அதை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருத்தராவது ராணுவத்தில் இருந்திருப்பார். எங்க ஊர் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் என் பெரியப்பா 1971 சண்டையில் இருந்தவர். என்னோடு பள்ளிக்கூடத்தில் படிச்சவர்களில் ஒன்பது பேர் போனார்கள். அவர்கள் பிள்ளைகளிலும் போனவர்கள் உண்டு. பென்ஷன் வாங்க பேங்குக்குப் போகும் நாளில் பஸ்ஸில் பாதிப்பேர் பழைய பட்டாளத்துக்காரர்கள்தான்.

இத்தனை பேர் போன ஊரிலிருந்து ஒரே ஒரு லெப்டினன்ட் கூட வந்தது கிடையாது. சிப்பாய், நாயக், ஹவில்தார், மிஞ்சிப்போனால் சுபேதார். எங்களுக்கு அதுவே பெருமை. நான் குறைத்துச் சொல்லவில்லை, அந்தச் சம்பளத்தில்தான் இங்கே பாதி வீடுகளுக்குத் தளம் போட்டார்கள். ஆனால் ஏன் ஒருத்தர்கூட அதிகாரி ஆகவில்லை என்று ரெண்டு வருஷமாக யோசிக்கிறேன். தைரியம் குறைவா? உடம்பு போதாதா? இரண்டும் இல்லை. ராணுவத்துக்குள் போக ரெண்டு வாசல் இருக்கிறது. எங்களுக்கு ஒன்றுதான் தெரியும்.

தெரிஞ்ச வாசல், ஆள்சேர்ப்பு முகாம். ஏரிக்கரைமேல் விடிகாலையில் பையன்கள் ஓடுவார்கள். 1.6 கிலோமீட்டரை எத்தனை நிமிஷத்தில் ஓடுறான் என்று பார்க்க போனில் நேரம் வைத்துக்கொண்டு ஒருத்தன் மதகுமேல் நிற்பான். 2022-ல் அக்னிவீர் வந்தபிறகு இந்த வாசலே மாறிவிட்டது. நாலு வருஷம் வேலை. அதற்குப் பிறகு நூற்றுக்கு 25 பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் ஒரு தொகையோடு வீட்டுக்கு வரவேண்டும். முதல் வருஷம் மாசம் 30,000, அதிலும் ஒரு பங்கு பிடித்துக்கொள்வார்கள். இருபத்திரண்டு வயசில் திரும்பி வருகிற பையனுக்குப் பொண்ணு கொடுக்க எங்க ஊரில் யோசிக்கிறார்கள். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தெரியாத வாசலின் பெயர் என்.டி.ஏ., தேசிய பாதுகாப்பு அகாடமி. புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கிறது. பன்னிரண்டாவது முடித்தவுடனே போகலாம், பன்னிரண்டாவது படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். மூன்று வருஷம் அங்கேயே தங்கிப் படிப்பு, பயிற்சி ரெண்டும். முடிக்கும்போது டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டம் கையில் வரும். பிறகு தரைப்படைக்குப் போகிறவர்கள் டேராடூனில் ஒரு வருஷம். அந்தக் கடைசிக் கட்டத்தில் மாசம் 56,100 ரூபாய் உதவித்தொகை. வெளியே வரும்போது லெப்டினன்ட். தங்க இடம், சாப்பாடு, புத்தகம், உடுப்பு, வைத்தியம் எல்லாம் அரசாங்கச் செலவு. சேரும்போது கைச்செலவு, சில உடைகள் என்று ஒரு தொகை கட்டவேண்டும். காலேஜ் ஃபீஸ் என்று எதுவும் இல்லை.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்க தெருவிலேயே மகனை இன்ஜினியரிங் சேர்க்க அரை ஏக்கர் கழனியை விற்றவர் இருக்கிறார். நல்ல கழனி, ஏரிப் பாசனம். நான் ஒரு ஏக்கர் மல்லாட்டை போட்டு, செலவு போக வீட்டுக்குக் கொண்டுவருகிற காசில் ஒரு செமஸ்டர் கட்ட முடியாது. (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. ஒவ்வொரு முறையும் யாராவது கேட்கிறீர்கள்.) அந்தப் பையன் பன்னிரண்டாவது படித்தபோது யாராவது வந்து, "தம்பி, நூறு ரூபாய் கட்டி இதையும் ஒரு தடவை எழுதிப் பார்" என்று சொல்லியிருந்தால் அந்த அரை ஏக்கர் இன்னிக்கு இருந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எழுதியாவது பார்த்திருப்பான்.

ஆமாம், விண்ணப்பத்துக்கு நூறு ரூபாய்தான். பட்டியல் இனத்தாருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் அதுவும் இல்லை.

எனக்கே இது தெரிந்தது என் தங்கச்சி மகள் மூலமாகத்தான். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிச்சவன், இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அவள் பன்னிரண்டாவதில் கணக்கு குரூப். ஒரு நாள் சாயங்காலம் மோட்டார் கொட்டாய்க்கு வந்து, "மாமா, பொண்ணுங்களும் எழுதலாமாம். கோர்ட்டே சொல்லிடுச்சாம்" என்றாள். விசாரித்தால் உண்மைதான். 2021-ல் உச்ச நீதிமன்றம் பெண்களையும் தேர்வு எழுத விடச் சொன்னது. 2022-ல் முதல் பெண்கள் அணி உள்ளே போனது. 2025 மே மாதம் 17 பெண்கள் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். அந்த அணிவகுப்பு வீடியோவைப் பார்த்துத்தான் இவளுக்கு ஆசை.

சரி, விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தோம். அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்த பிள்ளைகள் யாருக்காவது உதவும்.

நடத்துவது யு.பி.எஸ்.சி., ஐ.ஏ.எஸ். தேர்வு நடத்துகிற அதே ஆணையம். வருஷத்துக்கு ரெண்டு தடவை. வழக்கமாக டிசம்பரில் ஒரு அறிவிப்பு, ஏப்ரலில் தேர்வு. மே மாதத்தில் இன்னொரு அறிவிப்பு, செப்டம்பரில் தேர்வு. பயிற்சி தொடங்கும்போது வயசு பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்கவேண்டும். கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. தரைப்படைக்கு எந்த குரூப் படித்திருந்தாலும் போதும். கப்பல் படைக்கும் விமானப் படைக்கும் கணக்கு, இயற்பியல், வேதியியல் வேண்டும். எந்தப் படை முதலில், எது அடுத்தது என்று விண்ணப்பத்திலேயே வரிசைப்படுத்தச் சொல்வார்கள். அவசரத்தில் ஒன்றை மட்டும் தட்டிவிட்டுப் போனால் மற்றதற்குப் பேரே போகாது. அதை நிதானமாகச் செய்யுங்கள்.

எங்களுக்குப் பெரிய தலைவலி பெயர்தான். பத்தாவது சான்றிதழில் இருக்கிற மாதிரியே பெயர் இருக்கணும். அவளுக்குச் சான்றிதழில் இனிஷியல் பின்னால், ஆதாரில் இனிஷியலுக்குப் பதில் அப்பா பெயர் முழுசாக. இது தமிழ்நாட்டில் பாதிப்பேருக்கு இருக்கிற சங்கடம். அதைச் சரிசெய்ய ரெண்டு தடவை டவுனுக்கு அலைந்தோம். அப்புறம் ஓ.டி.பி. மோட்டார் கொட்டாயில் சிக்னல் கிடையாது. ஓ.டி.பி. வரட்டும் என்று அவள் புளியமரத்தடிக்கு ஓடிப்போய் வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்று தடவை ஓடினாள். இதையும் ஓட்டப் பயிற்சியில் சேர்த்துக்கொள் என்று சொன்னேன். சிரிக்கவில்லை.

எழுத்துத் தேர்வு ரெண்டு தாள். கணக்கு 300 மார்க், பொதுத்திறன் 600 மார்க். பொதுத்திறனில் 200 மார்க் ஆங்கிலம், மீதி 400-க்கு அறிவியல், வரலாறு, புவியியல், நாட்டு நடப்பு. எல்லாம் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. தப்பானால் அந்தக் கேள்விக்கான மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு கழியும். இங்கே ஒரு விஷயம். 2023, 2024 தேர்வுகளில் 900-க்கு ஏறக்குறைய 300 வாங்கியவர்கள் எழுத்துத் தேர்வைத் தாண்டியிருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு! மலை மாதிரி ஒன்றும் இல்லை. கணக்குத் தாளைப் பார்த்த பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், பாதிக்கு மேல் நம்ம பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குத்தான், வேகமாகப் போடணும் அவ்வளவுதான் என்றார். அணி, திரிகோணம், வகைநுண்கணிதம், நிகழ்தகவு எல்லாம் இவள் தமிழில் போட்டவள்தான்.

அந்தத் 'தமிழில்' என்கிற இடத்தில்தான் என் கோபமே.

கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருக்கும். மொழியைச் சோதிக்க ஆங்கிலத்துக்குத் தனியாக 200 மார்க் வைத்திருக்கிறார்கள், அதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ராணுவ அதிகாரிக்கு ஆங்கிலம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்குத் தாளில் எதைச் சோதிக்கிறார்கள்? கணக்கைத்தானே? பீகாரில் ஒரு விவசாயி மகன் அந்தக் கணக்கைத் தாய்மொழியில் படித்துப் போடலாம். அணைக்கட்டு விவசாயி மகள் முதலில் ஆங்கிலத்தைப் புரிந்துகொண்டு, அதைத் தமிழாக்கி, பிறகு கணக்குப் போடணும். ரெண்டரை மணி நேரத்தில் 120 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒன்றேகால் நிமிஷம். இதில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல படிப்பு வேண்டாம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 2024-ல் மத்திய காவல் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வை இந்தி, ஆங்கிலம் தவிர தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் நடத்தினார்கள். 2025-ல் அக்னிவீர் எழுத்துத் தேர்வையும் 13 மொழிகளில் நடத்தினார்கள், தமிழும் உண்டு. ரொம்ப நல்லது, கை தட்டுகிறேன். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சிப்பாய் ஆக வா என்று தமிழில் கூப்பிடுகிறார்கள். அதிகாரி ஆக வா என்று தமிழில் கூப்பிடவில்லை. யாரும் வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விளைவு அதுதான். துப்பாக்கி தூக்கத் தமிழ் போதும், உத்தரவு போடத் தமிழ் போதாது என்று ஒரு பதினேழு வயசுப் பிள்ளைக்குத் தோன்றாதா?

இதே யு.பி.எஸ்.சி. நடத்துகிற ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் விடையைத் தமிழில் எழுதலாம், நேர்காணலையும் தமிழில் கேட்டு வாங்கலாம். கலெக்டர் ஆகத் தமிழ் போதுமாம்!

"பயிற்சியே ஆங்கிலத்தில், தேர்வு மட்டும் தமிழில் வைத்து என்ன பண்ணுவது?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார், சென்னையில் இருக்கிறவர். இந்தியில் எழுதி உள்ளே போகிற பையனுக்கும் பயிற்சி ஆங்கிலத்தில்தானே? அவன் மூன்று வருஷத்தில் கற்றுக்கொள்கிறான். நம்ம பிள்ளைகள் கற்றுக்கொள்ளமாட்டார்களா? எங்க பெரியப்பா பத்தாவதுகூட முடிக்காதவர், ரிட்டயர் ஆகி வரும்போது இந்தி, பஞ்சாபி ரெண்டும் பேசினார். மெட்ராஸ் ரெஜிமென்டில் அவருக்கு மேலே வந்த வடக்கத்தி அதிகாரி ஒருத்தர் ஆறே மாசத்தில் தமிழில் திட்டக் கற்றுக்கொண்டார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தேவை வந்தால் வாய் தானாகத் திறக்கும்.

எழுத்துத் தேர்வைத் தாண்டினால் எஸ்.எஸ்.பி. என்று ஐந்து நாள் தேர்வு. இதுக்கும் 900 மார்க். பெங்களூர், போபால், பிரயாக்ராஜ் என்று பல ஊர்களில் நடக்கும், நம்ம கோயம்புத்தூரிலும் ஒரு மையம் உண்டு. நான் இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதல் நாள் ஒரு மங்கலான படத்தை அரை நிமிஷம் காட்டி, நாலு நிமிஷத்தில் கதை எழுதச் சொல்வார்கள். அதிலேயே நிறையப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்து ஒரு சொல்லைக் காட்டி 15 வினாடியில் மனசில் தோன்றுவதை எழுதணும், இப்படி 60 சொல். 'காட்டில் தனியாக மாட்டிக்கொண்டாய், என்ன செய்வாய்' என்பது மாதிரி 60 சந்தர்ப்பங்கள், அரை மணி நேரம். அப்புறம் மைதானத்தில் பலகை, கயிறு, பீப்பாய் கொடுத்து, கூட்டமாகச் சேர்ந்து ஒரு சுமையைத் தடை தாண்டி அந்தப் பக்கம் கொண்டுபோகச் சொல்வார்கள். யார் யோசனை சொல்கிறான், யார் அடுத்தவன் யோசனையைக் கேட்கிறான், யார் கை கொடுக்கிறான் என்று பார்ப்பார்கள்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. போர்வெல்லில் மோட்டார் மாட்டிக்கொண்டால் நாங்கள் என்ன செய்கிறோம்? மூன்று கம்பு, ஒரு கப்பி, கயிறு. ஆறு பேர். யார் பிடிக்கணும், யார் விடணும், எப்போது பைப்பைக் கிளாம்ப் போடணும் என்று ஒருத்தன் சொல்ல, மற்றவர்கள் கேட்கணும். தப்பினால் இருநூறு அடி ஆழத்துக்கு மோட்டார் போய்விடும். பதினைந்து வயசிலிருந்து எங்க பிள்ளைகள் இதைப் பார்த்து, செய்து வளர்கிறார்கள். ராணுவம் தேடுகிற குணம் இங்கே கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அதே எஸ்.எஸ்.பி.யில் குழு விவாதம் இருக்கிறது, எழுந்து நின்று மூன்று நிமிஷம் பேசுவது இருக்கிறது, ஒரு அதிகாரியோடு நேர்முகம் இருக்கிறது. அதில் நகரத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளும்போது நம்ம பிள்ளை சொல்லவேண்டிய நல்ல யோசனை தொண்டையிலேயே நின்றுவிடும்.

இதில் இருக்கிற கஷ்டங்களையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. ஒரு தேர்வுக்குச் சுமார் 400 இடம். இந்தியா முழுக்க லட்சக்கணக்கில் எழுதுகிறார்கள். நடுவில் பிடிக்கவில்லை என்று தானாக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், சேரும்போதே பெற்றோர் அதற்குக் கையெழுத்துப் போடவேண்டும். பயிற்சியில் அடிபட்டு, உடல் தகுதி இல்லை என்று வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு முன்னாள் படைவீரர் என்கிற அந்தஸ்துகூட இல்லாமல் இருந்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே இதைக் கையில் எடுத்துக் கேள்வி கேட்டது. இதையெல்லாம் என் தங்கச்சியிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவள் கவலை வேறு. "நாலு வருஷம் கட்டிக்கொடுக்க முடியாதாண்ணா?" என்றாள். முடியாது, பயிற்சியில் இருக்கும்போது கல்யாணம் கூடாது. அதுவே நல்லதுதான் என்று நான் சொன்னதற்கு முறைத்தாள்.

என்.டி.ஏ. ஒன்றுதான் வழி என்றும் இல்லை. ஜே.இ.இ. எழுதிய பிள்ளைகளுக்கு ராணுவத்திலும் கப்பல் படையிலும் நேராக எஸ்.எஸ்.பி. போய் அரசாங்கச் செலவில் இன்ஜினியரிங் படிக்கும் வழி உண்டு. காலேஜில் என்.சி.சி. 'சி' சான்றிதழ் நல்ல கிரேடில் வாங்கியவர்களுக்கு எழுத்துத் தேர்வு இல்லாமலே சென்னை பரங்கிமலை அகாடமிக்குப் போகும் வழி உண்டு. 'அமரன்' படத்தில் நீங்கள் பார்த்த மேஜர் முகுந்த் வரதராஜன் பரங்கிமலையில் பயிற்சி முடித்தவர்தான். சின்னப் பிள்ளைகள் என்றால் உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகரில் 1962-லிருந்து சைனிக் பள்ளி இருக்கிறது, ஆறாவதிலும் ஒன்பதாவதிலும் சேரலாம். அறுபது வருஷத்துக்கு மேலாக நம்ம மாநிலத்திலேயே இருக்கிற அந்தப் பள்ளிக்கு எங்க பஞ்சாயத்திலிருந்து ஒரு பிள்ளைகூட விண்ணப்பம் போட்டதில்லை. விண்ணப்பமே போடவில்லை, கவனியுங்கள்.

அரசாங்கம் செய்யவேண்டியது ரெண்டு. கேள்வித்தாளைத் தமிழிலும் தரணும். சிப்பாய் தேர்வுக்குச் செய்ய முடிந்தது இதற்கும் முடியும். ரெண்டாவது, பதினொன்றாவது சேர்ந்த முதல் மாசமே ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் யாராவது வந்து இதைச் சொல்லணும். பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த பிறகு சொன்னால் வயசில் ஒரு வருஷம் போயே போச்சு. பத்தொன்பதரை என்பது சீக்கிரம் வந்துவிடும்.

நகரத்தில் இருக்கிற உங்களிடம் நான் பணம் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் ராணுவத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்கள் ரெண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், மல்லாட்டை வாங்க வந்தபோது பேசியிருக்கிறோம். உங்க சொந்த ஊர் அரசுப் பள்ளிக்கு ஒரு நாள் யூனிஃபார்ம் படத்தோடு போய்ப் பேசுங்கள். எங்க ஊருக்கு வருவதாக இருந்தால் வீட்டில் சாப்பாடு, தங்க மொட்டை மாடி.

தங்கச்சி மகள் ஏப்ரலில் எழுதினாள். கணக்கு பரவாயில்லை, ஆங்கிலமும் பொது அறிவும் காலை வாரிவிட்டன. இப்போது அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணக்கு சேர்ந்திருக்கிறாள். வயசுக் கணக்குப்படி இன்னும் மூன்று தடவை எழுதலாம். டிசம்பர் அறிவிப்புக்குப் போட்டோ, கையெழுத்து எல்லாம் இப்போதே ஸ்கேன் பண்ணி வைத்துவிட்டாள், பெயர்ச் சங்கடமும் தீர்ந்தது. வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் போனில் அவளோடு ஆங்கிலத்தில் மட்டும் பேச ஒரு அம்மா வேண்டும். தப்பாகப் பேசினால் சிரிக்காதவராக இருக்கணும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கூப்பிட்டால் நல்லது, அதற்கு முன்னால் மாடு கறக்கிற நேரம். புளியமரத்தடியில் இருப்பாள்.